வெளுத்த பவளமும் நம் ஊர் உலைகளும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசில் அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ ஸ்கூபா டைவிங் போகிறவர், விளம்பரத்தில் கண்ட சிவப்பும் ஊதாவும் கடலடியில் இல்லையென்றால் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்பார். அதில் பாதி நியாயம் உண்டு. தண்ணீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். படத்தில் தெரியும் சிவப்பு பெரும்பாலும் கேமரா விளக்கு கொடுத்தது. அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மீதிப் பாதிக்குக் காரணம் கடலின் சூடு. பவளத்துக்கு நிறமும் உணவும் தருவது அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி. வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி, சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். மான்கொம்பு போலக் கிளைத்து நின்றது சுண்ணாம்பு பூசிய எலும்பு போலாகிறது. செத்துப்போனால் அதன்மேல் பழுப்புப் பாசி படர்கிறது. லட்சத்தீவில் 1998, 2010, 2016, மறுபடி 2024 என்று இந்த வெளுப்பு நடந்திருக்கிறது.

தானாக மீளாதா என்று கேட்கலாம். மீளும், 1998க்குப் பிறகு மீளவும் செய்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டு அமைதி வேண்டும். அந்த இடைவெளிதான் சுருங்கிக்கொண்டே வருகிறது. கும்மிடிப்பூண்டி இரும்பு உலைகளுக்கும் அந்தமானுக்கும் என்ன சம்பந்தம், உலை அணைந்தால் அடுப்பு எரியுமா என்பது கனமான கேள்வி. உலையை அணைக்க யாரும் சொல்லவில்லை. ஆனால் இரும்பை உருக்கும் மின்சாரத்துக்காக வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களில் எரிகிற நிலக்கரியின் புகையும் கடலைச் சூடாக்குகிறது; அதற்கு மாவட்ட எல்லை கிடையாது. அந்த மின்சாரத்தில் எவ்வளவு காற்றாலையிலிருந்தும் சூரிய ஒளியிலிருந்தும் வரமுடியும் என்று நம் ஆலைகளிடம் கேட்கும் உரிமை, டைவிங்குக்குப் பணம் கட்டியவருக்கும் இருக்கிறது, கட்டாதவருக்கும் இருக்கிறது.