குதிரையின் கழுத்தில் எழுதிய பெயர்

2018ஆம் ஆண்டுக் கோடையில் மகளின் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்குவதற்காக இலண்டன் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற பத்திரிகையாளன் ஒருவனை வெளிநாட்டில் வைத்துப் பராமரிப்பது இலகுவான காரியமல்ல. காலையில் பத்திரிகையை வாசித்து முடித்துவிட்டானென்றால் அன்றைய பொழுதில் அவனுக்குச் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. ஒரு சனிக்கிழமை மகள், "அப்பா, பார்க்கிலை காணிவேல் வந்திருக்காம். நீங்களும் வாங்கோவன்" என்று அழைத்தாள். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன்.

காணிவேல் என்றதும் என் நினைவுக்கு வந்தவை சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் பார்த்த மரணக் கிணறும், காதைச் செவிடாக்கும் ஒலிபெருக்கியுந்தான். அங்கு நான் கண்டது வேறொன்று. 'கார்ட்டர்ஸ் ஸ்டீம் ஃபெயார்' என்பது அதன் பெயர். ஜோன் கார்ட்டர், அன்னா கார்ட்டர் என்னும் தம்பதியர் பழைய நீராவிக் குதிரை இராட்டினம் ஒன்றை வாங்கி 1977 இல் ஆரம்பித்த பயணக் களியாட்டம் அது. அந்த இராட்டினமோ நோரிச் நகரின் டிட்மன் நிறுவனத்தினர் 1890களில் செய்தது. நடுவே நீராவி இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, மரக்குதிரைகள் மூன்று வரிசையாக ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருந்தன.

பேரன் குதிரையில் ஏறினான். நான் எழுத்துக்களை வாசிக்கத் தொடங்கினேன். தொழில் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து இல்லாத இடம் அந்த இராட்டினத்தில் அரிதாகவே இருந்தது. கூரையின் விளிம்பைச் சுற்றிய வளைந்த பலகைகளில் பொன்னிறப் பேரெழுத்துக்கள். அவற்றைச் சுற்றிச் சுருள் சுருளான இலைக்கொடிகள். ஒவ்வொரு குதிரையின் கழுத்திலும் ஒரு சிறு நாடா வரைந்து, அதனுள் ஒரு பெயர். களியாட்டக்காரர்கள் தம் குடும்பத்தவர்களின் பெயர்களை இவ்வாறு குதிரைகளுக்குச் சூட்டுவது வழக்கம் என்று பின்னர் அறிந்தேன்.

இந்த இராட்டினங்களின் கதை சுவையானது. ஆரம்ப காலத்தில் அவற்றைக் கையால் தள்ளினார்கள், அல்லது மட்டக்குதிரையைப் பூட்டிச் சுற்றினார்கள். தள்ளும் சிறுவர்களுக்குக் கூலி, ஒரு தடவை இலவசச் சவாரி. 1860களில் நீராவி வந்தது. நோர்ஃபோக் பகுதியின் கிங்ஸ் லின் நகரில் கமத்தொழிலுக்கான இயந்திரங்களைச் செய்துவந்த பிரெடெரிக் சவேஜ் என்பவர், வயலில் கண்ட நீராவிப் பலத்தைத் திருவிழா மைதானத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். குதிரைகளைத் தொங்கவிட்டிருக்கும் பித்தளைக் கம்பங்களை மேலேயுள்ள வளைதண்டுகள் தூக்கித் தாழ்த்த, மரக்குதிரைக்குப் பாய்ச்சல் பிறந்தது. பிரித்தானிய இராட்டினங்கள் வலஞ்சுழியாகச் சுற்றுபவை, ஐரோப்பியக் கண்டத்தில் உள்ளவை இடஞ்சுழி. குதிரையின் இடப்பக்கமாக நின்று ஏறுவதுதான் குதிரையேற்ற மரபென்றும், வலஞ்சுழியாகச் சுற்றினால் அந்தப் பக்கம் வெளிப்புறத்தில் அமைந்துவிடும் என்றும் இதற்கு விளக்கம் கூறுகிறார்கள்.

சவேஜ் 1889 இல் தம் நகரின் மேயரானார். அவர் உயிரோடிருக்கும்போதே, 1892 இல், அவருக்கு அங்கே சிலையும் வைத்தார்கள். இயந்திரம் செய்தவருக்குச் சிலை கிடைத்தது. குதிரைகளைச் செதுக்கியவர்கள், அவற்றுக்குக் கண் திறந்தவர்கள், பொற்தகடு ஒட்டியவர்கள் ஆகியோரில் மிகப் பெரும்பாலானோரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. பலகையில் இருப்பது உரிமையாளரின் பெயர். அதை எழுதியவன் தன் பெயரை எழுதவில்லை.

சித்திரங்களைப் பார்க்கும்போது எனக்கு அவை ஒரு வகைச் செய்திப் பத்திரிகை என்றே தோன்றியது. மக்கள் எதைப் பேசினார்களோ அதுவே பலகைக்கும் மரத்துக்கும் வந்தது. தென்னாபிரிக்காவில் போவர் யுத்தம் (1899-1902) நடந்தபோது, குதிரை உடலும் பிரித்தானியத் தளபதிகளின் தலையும் மார்பும் கொண்ட உருவங்களைச் செதுக்கி இராட்டினத்தில் ஏற்றினார்கள். அதே யுத்தத்தில் பிடிபட்ட போவர்கள் 1900 முதல் ஆயிரக்கணக்கில் எங்கள் தியத்தலாவையில் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை இலங்கை வாசகர்கள் அறிவார்கள். வென்றவர்களின் தலைகள் இங்கிலாந்தின் மைதானங்களில் சுற்றிக்கொண்டிருக்க, தோற்றவர்கள் நம் மலைநாட்டுக் குளிரில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் மின்சாரத்தால் ஓடும் பெரும் இராட்டினங்கள் வந்தன. அவற்றில் கடல்நாகங்களும் திமிங்கிலங்களும் இடம்பிடித்தன. 1930களில் காட்டு விலங்குகளும் பென்ஹர் கதையின் இரதப் போட்டியும் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெட் விமானம், ரொக்கெட், பாடகர்கள், திரை நட்சத்திரங்கள்.

செதுக்குவேலை காலப்போக்கில் குறைந்து சித்திரவேலை மேலோங்கியதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. வாரந்தோறும் பிரித்து, அடுக்கி, வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போகவேண்டிய பொருள் இது. தட்டையான பலகை பாரம் குறைந்தது, மலிவானது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் வசதியானது. ஆகவே தட்டைப் பலகையில் புடைப்பைக் காட்டும் பொறுப்பு தூரிகைக்கு வந்தது. எழுத்தின் ஒரு விளிம்பில் வெளிச்சம், மறு விளிம்பில் படிப்படியாகக் கருக்கும் நிழல். சற்று எட்ட நின்று பார்த்தால் எழுத்து பலகையை விட்டு எழுந்து நிற்கும்.

போருக்குப் பிந்திய காலத்தில் இந்தக் கலையில் பெயர் பெற்றவர் இலண்டன் பெல்ஹம் பகுதியில் பட்டறை வைத்திருந்த பிரெட் ஃபௌல். பெயர் நிலைத்த மிகச் சிலருள் ஒருவர். அலுமினியத் தாளைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணங்களைப் பூசுவது அவருடைய முறை. இரவில் மின்விளக்குகள் எரியும்போது, வண்ணத்தின் அடியிலிருக்கும் உலோகம் ஒளியைத் திருப்பி அனுப்பும். பகலில் சிவப்பாகத் தெரிந்த எழுத்து இரவில் தணலாக மாறிவிடும்.

இயந்திரத்துக்கு நிலக்கரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கோடை முழுவதும் மழையும் வெயிலும் பிள்ளைகளின் சப்பாத்துக் கால்களும் வண்ணத்தைத் தின்றுவிடும் என்றார். குளிர்காலத்தில் கொட்டகைக்குத் திரும்பியதும் திருத்தி எழுதத் தொடங்கினால் வசந்தம் வரும்வரை அந்த வேலைதானாம். "அப்படியானால் பழைய சித்திரம் எங்கே?" என்று கேட்டேன். "கீழே" என்றார். வண்ணத்தின் கீழே இன்னொரு வண்ணம், அதன் கீழே இன்னொருவருடைய கை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் பணியாற்றிய பத்திரிகையில் கணினி வருவதற்கு முன்னர் ஓவியர் ஒருவர் இருந்தார். பெரிய தலைப்புகளுக்குப் போதிய அளவில் ஈய எழுத்துக்கள் இல்லாத காலம் அது. கதைகளின் தலைப்பு, தொடர்களின் தலைப்பு, தேர்தல் முடிவு, தலைவர்களின் மரணம் எல்லாவற்றுக்கும் அவர்தான் கையால் எழுதுவார். அதைப் புளொக் செய்து அச்சேற்றுவோம். மரணச் செய்திக்கு அவர் எழுதும் எழுத்து வேறு, திருவிழா மலருக்கு எழுதும் எழுத்து வேறு. 'ழ'கரத்தின் வாலை இழுத்து முடிக்கும் விதத்திலேயே அது அவருடைய கை என்று சொல்லிவிடலாம். ஞாயிறு இதழுக்குப் பொறுப்பாக நான் இருந்த ஆண்டுகளில் எழுதியவனின் பெயரைப் போட்டேன், படம் பிடித்தவனின் பெயரைப் போட்டேன். அவருடைய பெயரை ஒருநாளும் போட்டதில்லை. அவர் கேட்டதுமில்லை. கேட்காதவனுக்குக் கொடுக்கவேண்டியதில்லை என்பது பத்திரிகைக் கந்தோர்களின் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை அங்கே நடத்தியவன் நான்.

2023 இல் மீண்டும் இலண்டன் சென்றேன். கார்ட்டர்ஸ் குடும்பத்தினர் 2022ஆம் ஆண்டுடன் தங்கள் பயணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று மகள் சொன்னாள். மகனான ஜோபி கார்ட்டர் எழுத்தோவியர். கொரோனாக் காலத்தில் களியாட்டம் முடங்கியபோது, இந்த எழுத்துக் கலையை இணையவழியாகப் பிறருக்குக் கற்பித்தவர். பூங்காவில் புல் வளர்ந்திருந்தது. பேரன் வளர்ந்துவிட்டான், மரக்குதிரையில் ஏறும் வயதைக் கடந்திருந்தான். ஆனாலும் தொலைபேசியில் இருந்த பழைய படத்தை எடுத்து, தான் ஏறிய குதிரையின் பெயரைப் பெரிதாக்கிக் காட்டினான். ஐந்து வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பெயர் அவனுக்கு நினைவிருந்தது.

நாடு திரும்பியதும் அந்த ஓவியரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியவில்லை. கொழும்பில் இருக்கும் பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அந்த ஓவியரின் பக்கத்து மேசையில் பதினெட்டு வருடங்கள் இருந்தவர். நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நாங்கள் எல்லாரும் மாஸ்ரர் எண்டுதானே ஐயா கூப்பிட்டனாங்கள்."