துளி நீரில் ஒரு குத்தகை

பச்சைப் பரமீசியம் ஒரே செல்லால் ஆன உயிர். நீளம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தப் பச்சை அதன் சொந்த நிறம் அன்று. உடலுக்குள் சுமந்து திரியும் நூற்றுக்கணக்கான குளோரெல்லாப் பாசிகளின் நிறம். ஓட்டம் அடங்கிய நன்னீரும் ஊறும் இலைகளும் மிதமான வெளிச்சமும் சேரும் இடத்தில் அதைத் தேட வேண்டும்.

புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில் அத்தகைய நீருக்குப் பஞ்சமில்லை. வில்லியனூருக்கு வடக்கே இருக்கும் ஊசுட்டேரி, சங்கராபரணி ஆற்று நீரைச் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகப் பெறுகிறது. புதுச்சேரியும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொண்ட ஏரி இது. புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தொலைநோக்கியோடு வருபவர்கள் நடுநீரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பரமீசியம் தேடுபவருக்கு நடுநீர் உதவாது. கரையோரக் கோரைக்கு அடியில் ஊறிக் கிடக்கும் சருகோடு ஒரு குப்பி நீர் எடுத்தால் வாய்ப்பு அதிகம். பள்ளிக்கூட நுண்ணோக்கியே போதும். பாசியைச் சுமக்கும் பரமீசியம் வெளிச்சம் இருக்கும் பக்கமாக நீந்திக் கூடும்.

பாசி முதலில் இரையாகத்தான் உள்ளே போகிறது. விழுங்கப்பட்டவற்றில் பல செரித்துவிடும். தப்பிய சில, தனித்தனிச் சவ்வுப் பைக்குள் அடங்கி, செல்லின் மேலோட்டை ஒட்டி இடம் பிடித்துப் பெருகும். பிறகு கொடுக்கல் வாங்கல் தொடங்குகிறது. பாசி வெயிலில் சமைத்த சர்க்கரையை மால்டோஸாகத் தரும், ஆக்சிஜனும் தரும்; பரமீசியம் நைட்ரஜன் சத்தும் கரியமில வாயுவும் கொடுக்கும். வெளியே குளோரெல்லாவைத் தாக்கிச் சிதைக்கும் வைரஸ்கள் உண்டு. உள்ளே இருக்கும்வரை அவை அண்டுவதில்லை.

பாடநூல்கள் இதை இருவருக்கும் லாபம் என்று எழுதி முடித்துவிடுகின்றன. கணக்கு அவ்வளவு நேர்மையானதாகத் தெரியவில்லை. 2016-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வு, வெளிச்சம் கூடக்கூடப் பரமீசியத்துக்கே ஆதாயம் ஏறுகிறது, பாசியோ தனியே இருந்தால் இதைவிட நன்றாக வளர்கிறது என்று கண்டது. எத்தனை பாசி உள்ளே இருக்கலாம் என்பதையும் வெளிச்சத்துக்கேற்பப் பரமீசியமே கட்டுப்படுத்துகிறது. பங்காளி உறவு என்பதைவிட, நிலக்காரர் கை ஓங்கிய குத்தகை என்பதே பொருந்தும்.

தெற்கே, புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரில் ஏரிக்குத் தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. நெல் வயலுக்குப் பொருந்தும் உறவு வேறொன்று. அசோலா மிதக்கும் ஒரு சிறு பெரணி. அதன் இலைக் குழிக்குள் நீலப்பச்சைப்பாசி குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. பாசி என்று பேரே தவிர, அது பாக்டீரியா. இந்திய நெல் வயல்களின் வளத்துக்கு நீலப்பச்சைப்பாசிகள் காரணம் என்பதை ஆய்வாளர் பி. கே. டே 1939-இலேயே எடுத்துக்காட்டினார். அசோலாவை வயலில் விட்டு மிதித்தால் உரம், மாட்டுக்குப் போட்டால் தீவனம்.

குளோரெல்லாவைப் பரமீசியத்திலிருந்து பிரித்துத் தனியே வளர்க்கலாம். அசோலாவின் குடியிருப்பாளருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதன் மரபணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செயலற்றுப் போயிருக்கிறது. பெரணியின் வித்துகளோடு ஒட்டிக்கொண்டே அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது.