மண்ணின் கைங்கரியம்

துவரை மூட்டையைப் பிரிக்கும்போது வண்டு ஊர்ந்தால் மண்டிக்காரரின் முகம் எப்படிச் சுண்டிப் போகும் என்பதைச் செவ்வாய்ப்பேட்டையில் நடமாடியவர்கள் அறிவார்கள். தானியத்தோடு தானியமாய்க் குடியேறும் அந்த ஜீவன்களை ஒழிக்க மனிதன் கண்ட ஆயுதங்களில் ஒன்று மெதில் புரோமைடு என்னும் வாயு. தார்ப்பாயால் மூடி உள்ளே செலுத்தினால் வண்டும் புழுவும் மடியும். தார்ப்பாயை எடுத்தால் வாயு போய்விடும்.

எங்கே போகிறது? நெடுங்காலம் நமக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு பகுதி மேலே ஏறி, சூரியனின் கொடுங்கதிர்களைத் தடுத்து நிற்கும் ஓசோன் படலத்தை அழிக்கிறது. அந்த வேலையில் குளோரின் அணுவைவிடப் புரோமின் அணு ஏறக்குறைய 60 மடங்கு வல்லது. 1992-இல் கோபன்ஹேகனில் கூடிய நாடுகள் மான்ட்ரீல் ஒப்பந்தத்துக்குள் இதையும் சேர்த்தன. வளர்ந்த நாடுகளுக்கு 2005, நம் போன்ற நாடுகளுக்கு 2015 என்று பின்னர்க் கெடு வைத்தார்கள். நாடுவிட்டு நாடு போகும் சரக்கின் பூச்சித் தடுப்புக்கு விலக்கு உண்டு.

இதை மண்டி நண்பர் ஒருவரிடம் சொன்னேன்.

"அப்படீன்னா வெளியே போனது போனதுதானுங்களா? அதைப் புடிச்சு வைக்க ஒண்ணுமே இல்லீங்களா?" என்றார்.

இருக்கிறது, நம் காலடியிலேயே. கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரி நடுமுன் நிலத்துக்கு இந்த நஞ்சை ஊட்டி வந்தார்கள். புழுவும் பூஞ்சணமும் மாண்ட அந்த மண்ணிலிருந்தே, அந்த நஞ்சையே உணவாக்கி வளரும் ஒரு பாக்டீரியாவை விஞ்ஞானிகள் 1990-களில் பிரித்தெடுத்தார்கள். மெதில் பகுதியைக் கழற்றித் தான் உண்டுவிட்டு, புரோமினை உப்பாக மண்ணிலேயே விட்டுவிடுகிறது அது. நஞ்சே காணாத சாதாரண மண்ணும் காற்றில் கலந்த துளியளவு வாயுவை உறிஞ்சுகிறது என்று 1995-இல் தெரியவந்தது. மனிதன் இதைச் செய்யுமுன்பே கடலும் நெல்வயலும் கடுகுச் செடியும் சிறிது சிறிதாக இந்த வாயுவை வெளிவிட்டு வந்தவைதாம். சமைப்பவர் இருந்த இடத்தில் உண்பவரும் வந்து சேர்ந்தார்கள் போலும்!

ஆனால் இந்தக் கைங்கரியத்துக்கும் எல்லை உண்டு. பழைய குளிர்ப்பெட்டிகளிலிருந்து கசிந்த குளோரோபுளோரோகார்பன்களைக் காற்றோட்டமுள்ள மண் அநேகமாகத் தொடுவதே இல்லை. இன்னொன்று, மண் உயிரோடு இருக்கவேண்டும்.

நண்பர் தம் கிடங்கின் பின்புறம் எஞ்சியுள்ள நாலு முழ மண்ணுக்கும் சிமெண்டு பூசப் போகிறாராம். ஈரம் ஏறுகிறது, எலி வருகிறது. அவர் கஷ்டம் அவருக்கு. நான் தடுக்கவில்லை. வானத்துக்குச் செய்த தீங்கை மாநாடு கூட்டித்தான் நிறுத்த முடிந்தது. மண்ணைச் சாகடிப்பதற்கோ ஒரு மூட்டை சிமெண்டு போதும். மாநாடு கூட்ட யாரும் வரமாட்டார்கள்.