நான் பீர் காய்ச்சிய கதை

போன வாரம் டீக்கடையில் பேச்சு கள்ளக்குறிச்சிப் பக்கம் திரும்பியது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அங்கே 60 பேருக்கு மேல் செத்தார்களே, அதைப் பற்றித்தான். "வீட்டுல காய்ச்சுற சரக்கு எல்லாமே விஷம்தான்" என்றார் ஒரு நண்பர். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "எல்லாத்தையும் அப்படிச் சொல்ல முடியாது. நானே ஒரு தடவை காய்ச்சியிருக்கேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. 72 வயது, நெற்றியில் விபூதி, சைசிங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஆள், ஒரு பீடி கூடப் பிடித்ததில்லை. விளக்கம் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. எனவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. செய்முறை கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம். நம் ஊரில் வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். நான் காய்ச்சியது 2015-ல், அமெரிக்காவில், மினியாபோலிஸ் என்ற ஊரில் என் மகன் வீட்டில். அங்கே 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி வீட்டு உபயோகத்துக்குப் பீர் காய்ச்சிக்கொள்ளலாம். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வருடத்துக்கு 200 கேலன் வரை, அதாவது சுமார் 750 லிட்டர். விற்கத்தான் கூடாது. அங்கேயும் எல்லா மாநிலமும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல்தான் இறங்கி வந்தன.

நானும் என் மனைவியும் ஆறு மாத விசாவில் போயிருந்தோம். அக்டோபர் மாதம். ஒரு சனிக்கிழமை காலை மகன் பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து சமையலறை மேடையில் வைத்தான். உள்ளே ஒரு பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய், தேன் மாதிரி கெட்டியான ஒரு பாகு, சின்னப் பையில் உடைத்த தானியம், மாட்டுத்தீவனக் குச்சியைப் பொடிசாக நறுக்கியது போல் பச்சையாக ஏதோ ஒன்று. "பீர் கிட்டுப்பா. ஆபீஸ்ல எல்லாரும் செய்யுறாங்க. முதல் தடவை" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்குக் காரணம் இருந்தது, அது அவனுக்குத் தெரியாது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவன் தெர்மாமீட்டரைப் பிடித்த விதம் சரியில்லை. பாத்திரத்தின் அடியில் முட்டுகிற மாதிரி வைத்திருந்தான். முப்பத்தைந்து வருடம் கஞ்சித் தொட்டியோடு பிழைத்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? "நடுவுல பிடிடா, அடிச்சூடு வேற காட்டும்" என்றேன். அப்படித்தான் உள்ளே போனேன்.

வேலை பிடிபட அதிக நேரம் ஆகவில்லை. பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் அதுதான் மால்ட். கேப்பையை முளைகட்டிக் காயவைத்துத் திரித்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோமே, அதே சங்கதி. முளை விடும்போது தானியத்துக்குள் ஒரு சத்து உண்டாகிறது. அது மாவுச்சத்தை உடைத்து இனிப்பாக்கிவிடும். துணியில் இருக்கிற கஞ்சியை எடுப்பதற்கும் இதே மால்ட் சரக்கை ஒரு காலத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுத்தவர்களுக்குக் கஞ்சி போகாவிட்டால் துணி தண்ணீரை உறிஞ்சாது என்பது தெரியும்.

கிட்டில் அந்த இனிப்பைப் பாகாகவே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், சுமார் இரண்டே முக்கால் கிலோ. உடைத்த தானியத்தை 67 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, அந்தத் தண்ணீரில் பாகைக் கரைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பச்சைக் குச்சிகள் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவாம். கசப்பும் வாசனையும் அது தருவதுதான். சீக்கிரம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான்.

இந்த ஒரு மணி நேரம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பால் மாதிரி சட்டென்று பொங்கி வழிந்துவிடும். அவன் கரண்டியும் கையுமாக நின்றான். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு வழியில்லாமல் பேச வேண்டியதாயிற்று.

"உங்களுக்கு இது பிடிக்கலைதானேப்பா?"

நான் பதில் சொல்லவில்லை.

"தாத்தா ஹார்ட் அட்டாக்ல போனாருன்னு நீங்க சொல்வீங்க. ஆச்சி ஒரு தடவை வேற மாதிரி ஏதோ சொல்லிச்சு. அப்புறம் கேட்டா பேச்சை மாத்திருச்சு."

நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை அந்த அடுப்படியில் சொன்னேன்.

என் அய்யா கைத்தறி நெய்தவர். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தபோது எனக்கு 18 வயது. அதற்கு முன் எப்போதாவது குடித்தவர், பிறகு தினமும் போக ஆரம்பித்தார். கூலி வாங்குகிற சனிக்கிழமைகளில் அம்மா என்னைத்தான் தேட அனுப்புவாள். 1974-ல் கடைகளை மறுபடி மூடினார்கள். அம்மா அன்றைக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். ஆனால் கடை மூடினால் ஆசை மூடுமா? தோப்புப் பக்கம் ஒளிந்து விற்றார்கள். அடுத்த வருடம் ஐப்பசியில் ஒரு ராத்திரி வந்து திண்ணையிலேயே படுத்துவிட்டார். காலையில் ஏழு மணி இருக்கும், வெயில் அவர் முகத்தில் விழுகிறது. "இன்னும் விடியலையாடா? விளக்கப் போடு" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் உயிரில்லாமல் கொண்டுவந்தோம். ஊருக்கு மாரடைப்பு என்று சொன்னோம். பதினாறாம் நாள் அம்மா என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

மகன் கிண்டிக்கொண்டே இருந்தான். நெடுநேரம் கழித்து, "அது மெத்தனால்ப்பா. உடம்புக்குள்ள ஃபார்மிக் ஆசிட்டா மாறிக் கண் நரம்பைத்தான் முதல்ல பிடிக்கும்" என்றான். பிறகு அவசரமாக, "இதுல அது வராது. வெறும் தானியத்தைப் புளிக்கவச்சா வர்றது இல்ல. தொழிற்சாலைச் சரக்கைக் கலக்குறதுனால வர்றது" என்றான். "தெரியும்" என்றேன். அதற்குள் டைமர் அடித்தது. கடைசித் தவணை ஹாப்ஸைப் போட வேண்டிய நேரம்.

கொதித்ததைப் பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து ஆறவைத்தோம். வாளியில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் சேர்த்து 19 லிட்டர் ஆக்கினோம். அதன் கனம் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் மிதக்கவிட்டான். பால் சொசைட்டியில் பால்மானி போடுவார்களே, அது போல. 1.050 காட்டியது. எங்கள் மில் கணக்கில் 10 ட்வாடல். "பரவாயில்லப்பா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுது" என்றான். ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்தான். ஈஸ்ட் போடுவதற்கு முன் அதில் போதை கிடையாது. சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறக்கின பதநீர் மாதிரிதான். சுண்ணாம்பு இல்லாத கலயம் என்றால் கள். குடித்துப் பார்த்தேன். திகட்டுகிற இனிப்பு, பின்னாலேயே வேப்பங்கொழுந்துக் கசப்பு.

11 கிராம் ஈஸ்ட்டைத் தூவி மூடினான். வேலை பார்த்த காலமெல்லாம் கஞ்சி புளிக்காமலும் பூஞ்சை பிடிக்காமலும் இருக்க மருந்து கலந்தவன் நான். இப்போது புளிக்கட்டும் என்று காவல் உட்கார்ந்தேன்.

புளிக்கவில்லை. மூடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதில் குமிழி வர வேண்டும். ஒரு நாள் போயிற்று, இன்னொரு ராத்திரியும் போயிற்று, ஒன்றுமில்லை. மகன் ராத்திரி இரண்டு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தான். ஈஸ்ட் செத்துவிட்டது, எல்லாம் போச்சு என்றான். நானும் குழம்பித்தான் போனேன். அதுவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல், தன் சாம்பார்ச் சட்டியைத் தொட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் கண்காணித்துக்கொண்டிருந்த என் மனைவி நிலவறைக்கு இறங்கி வந்தாள். வாளியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்படிக் குளிருல வச்சா எது பொங்கும்? மார்கழியில இட்லி மாவ எங்க வைப்பேன்னு கூடவா பார்த்ததில்ல?"

நிலவறையில் 13 டிகிரி. வாளியை மேலே தூக்கிவந்து, ஹீட்டர் இருக்கிற மூலையில் வைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன அவளுடைய பழைய போர்வையைச் சுற்றினாள். சாயங்காலம் ஒரு குமிழி வந்தது. ராத்திரியெல்லாம் குளுக், குளுக் என்று சத்தம். மகன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். 1516-ல் ஜெர்மனியின் பவேரியாவில் பீர் என்றால் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் சேர வேண்டும் என்று சட்டம் போட்டார்களாம். ஈஸ்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் வேலை என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. மகன் இதைப் படித்துச் சொன்னபோது, "இட்லிக்கு மட்டும் நாங்க என்னத்தப் படிச்சோம்?" என்றாள்.

இரண்டு வாரத்தில் 1.012-க்கு இறங்கியது. 5 சதவீதம் வரும் என்று கணக்குப் போட்டான். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரைப்பாகு சேர்க்க வேண்டும். மூடிய பாட்டிலுக்குள் மிச்ச ஈஸ்ட் அதைத் தின்று கேஸ் விடும். கோலி சோடாவுக்குக் கேஸை வெளியிலிருந்து ஏற்றுவார்கள், இங்கே அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. சர்க்கரை கூடினால் பாட்டில் வெடிக்கும் என்று இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தான். மூடி அழுத்துகிற வேலை என்னுடையது. 48 பாட்டில்.

இன்னும் இரண்டு வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தான். புஸ் என்றது. மூன்று டம்ளரில் ஊற்றினான். நான் எடுத்து முகர்ந்து பார்த்தேன். அய்யா மேல் அடித்த வாடைதான் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. தீய்ந்த ரொட்டி வாசம் அடித்தது. டம்ளரை மேஜையில் திரும்ப வைத்தேன். "சரிப்பா" என்றான், வற்புறுத்தவில்லை.

யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்காத என் மனைவி ஒரு வாய் குடித்தாள். "கசாயம் தேவல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பாட்டில்கள் தீர எத்தனை நாள் ஆகிறது என்று நான் ஊருக்குக் கிளம்புகிற வரை ரகசியமாக எண்ணினேன். அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் குளிர்பெட்டிக் கதவில், எந்தத் தேதியில் எத்தனை என்று எழுதி ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் கிளம்பும்போது 19 மிச்சம்.

போன பொங்கலுக்கு வந்திருந்தான். வந்த மறுநாள், "அந்தத் திண்ணை எங்கப்பா இருந்துச்சு?" என்றான். கூட்டிக்கொண்டு போனேன். வீட்டை விற்று ரொம்ப வருடமாகிவிட்டது, இப்போது அங்கே விசைத்தறிக் கூடம். திண்ணை இருந்த இடத்தில் நூல் கோன் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். இங்கேதான் என்று கையைக் காட்டினேன். அவன் ஏதோ கேட்டான். தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.