உப்புக் காற்றும் ஒரு பழைய தூண்டில் றீலும்

தமிழாசிரியர் ஒருவர் விழா மலருக்கு எழுதப் புகுந்தால் இலக்கியத்தையோ சமயத்தையோ பற்றியே எழுதுவார் என அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அத்துறைகளில் எம்மினும் வல்லார் பலர் இருத்தலின், நாம் எமது இல்லத்திலுள்ள ஒரு தூண்டில் றீலைப் பற்றிச் சில கூறத் துணிந்தோம். அதற்கும் இக்கல்லூரிக்கும் உறவு இல்லாமலில்லை. முன்னாளில் இங்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் செல்லுங்கால், தம் மாணவராயிருந்த எமது தந்தையாரின் கையில் அதனைக் கொடுத்துச் சென்றார் என்பது வீட்டு வழக்கு.

அது அமெரிக்க நாட்டுப் 'பென்' கம்பனியின் 'செனற்றர்' வகையைச் சேர்ந்தது. அக்கம்பனியை ஒட்டோ ஹென்ஸ் என்பார் 1932 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் தொடங்கினார். செனற்றர் றீல்கள் 1936 இல் வெளிவந்தன. இரு பக்கமும் கரிய பேக்கலைற்றுத் தட்டுகள்; அவற்றைச் சூழப் பித்தளையின்மேல் குரோமிய முலாம் பூசிய வளையங்கள்; நடுவே தங்கூசி சுற்றும் உருளை. பேக்கலைற்று 1907 இல் பேக்லண்ட் என்னும் அறிஞர் ஆக்கிய பொருள். அதனை உப்பு தீண்டாது. உப்பு தீண்டுவன அதனைச் சூழ்ந்திருந்த உலோகங்களே.

உடப்புக் கரையில் பலர் கூடி அம்பாப் பாட்டுடன் கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டவர் பலர். எமது தந்தையார் வலைக்காரரல்லர். கடல் அமைதியுற்ற மாதங்களில் கற்பிட்டிக்கு அப்பால் நண்பர்களுடைய வள்ளத்திற் சென்று, இந்த றீலைக் கொண்டு அறுக்குளாவும் பாரையும் பிடித்து வருவார். அவர் மறைந்தபின் அது கண்ணாடி அலுமாரியுள் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தது. எம் மகன் ஒருநாள் அதனை எடுத்துச் சுழற்ற முயன்றான்; கைப்பிடி அசையவில்லை. ஆணித் தலைகளிற் பச்சைக் களிம்பும், உள்ளே செந்துருவும் படிந்திருந்தன.

திருத்தலாம் என்று கனடாவிலுள்ள தமையனாருக்குத் தெரிவித்தோம். "தம்பி, அதை அப்படியே வை. ஆணி ஒன்றை மாற்றினாலும் பிறகு அது அப்பாவின்ர றீல் இல்லை" என்றார். அவர் சொல்லைத் தட்டி நடப்பது எமக்கு வழக்கமன்று. எனினும் இவ்விடயத்தில் அவர் கூற்று எமக்குப் பொருந்தவில்லை. "அப்படியே" என ஒன்றை வைத்தல் இக்கரையில் இயலுமா என்பதே எமது ஐயம்.

புத்தளத்து உப்பளங்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அன்று வாரிய உப்பு நீர் கசியும். குவித்துக் கிடுகு வேய்ந்து சில காலம் விட்ட உப்பு உலர்ந்து நிற்கும். கசிந்து கழிவதில் மகனீசிய உப்புகள் மிகுதி. தூய கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினாலன்றி நீரை ஈர்த்துக் கரையாது. மகனீசியம் குளோரைட்டுக்கோ 33 வீதமே போதும். கடல் திவலையில் இரண்டும் உள. சோழகம் வீசுங்காலத்தில் அலை முகட்டிலிருந்து எழும் நுண்திவலை வீட்டினுள் வந்து படிகின்றது. படிந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தன்னைத் தானே நனைத்துக் கொள்கின்றது. ஆதலால் அலுமாரியிலிருந்த றீல் ஒருநாளும் உலரவில்லை. வள்ளத்திற் சென்ற நாளில் அதனைத் தந்தையார் மழைநீரிற் கழுவித் துடைத்து எண்ணெய் இடுவார். (எமது கிணற்று நீர் உவர், அது கழுவ உதவாது.) அலுமாரிக்குள் வைத்தபின் கழுவுவாரில்லை. போற்றி வைத்த ஆண்டுகளே அதனைப் பெரிதும் தின்றன.

இதனைத் தமையனாருக்கு விளக்கமாக எழுதினோம். றீலின் மரக்குமிழ் பிலடெல்பியாவில் செய்யப்பட்டதன்று, முன்னையது உடைந்தபின் தந்தையார் தம் கையாற் பூவரசிற் கடைந்து பொருத்தியது என்பதையும் நினைவூட்டினோம். "செய்வதைச் செய், கழற்றியதை எறியாதே" என்று விடை வந்தது. அதனை உடன்பாடு எனக் கொண்டோம்.

கழற்றும்போது வியப்பொன்று கண்டோம். கைப்பிடிக் கரத்தைப் பிணித்த பித்தளைத் தறையாணி உருவிற் குறையாதிருந்தது. நிறம் மட்டும் இளஞ்சிவப்பாய் மாறியிருந்தது. ஊசியால் தொட்டவுடன் உதிர்ந்தது. பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்தது; உப்பு நீர் அதிலுள்ள நாகத்தை மட்டும் கவர்ந்து செல்ல, எஞ்சுவது கடற்பஞ்சு போன்ற செம்பே என எம் விஞ்ஞான ஆசிரிய நண்பர் விளக்கினார். செம்பிற் களிம்பு உடன்பிறந்தது எனச் சைவ சித்தாந்தம் உவமை காட்டுதலை நாம் எடுத்துரைத்தோம். களிம்பு வெளிக்காற்றால் வருவது என அவர் மறுத்தார். அவ்வழக்கு ஆசிரியர் அறையில் இன்னும் தீரவில்லை.

அடுத்து மாற்றுப் பொருள் பற்றிய ஆராய்ச்சி. புத்தளத்துக் கடைசற் பட்டறைக்காரர் எமக்கு மூத்தவர், அனுபவசாலி. "மாஸ்டர், எல்லாத்தையும் எவர்சில்வரில போட்டுத் தாறன், உங்கட பேரனும் பாவிக்கலாம்" என்றார். இறால் பண்ணைகளின் நீரிறைக்கும் இயந்திரங்களிலிருந்து கழிந்த கறையில் உருக்குத் தண்டுகள் அவரிடம் குவிந்து கிடந்தன. கறையில் உருக்கிலும் சாதி பல. 304 என்னும் இனத்தில் குரோமியமும் நிக்கலும் உள. 316 என்னும் இனத்தில் அவற்றோடு 2 முதல் 3 வீதம் மொலிப்தீனமும் உண்டு. கடலுப்பைத் தாங்க வல்லது பின்னையதே. காந்தத்தைப் பிடித்துப் பார்த்து நல்லது தீயது சொல்லும் வழக்கம் கடைத்தெருவில் உண்டு. இரண்டினத்தையும் காந்தம் பற்றாது ஆதலின் அச்சோதனை இவ்விடத்திற் பயனற்றது. பெட்டியில் இனம் பொறித்த திருகாணிகளையே நாம் தேடி வாங்கினோம்.

ஆயினும், துருவா உலோகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் தொல்லை தீர்ந்தது என்பது பிழையான எண்ணம். இரு வேறு உலோகங்கள் தொட்டு நிற்க, இடையே உப்பு நீர் பரவினால் அங்கே ஒரு மின்கலம் பிறக்கின்றது. நாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, வெண்கலம், கறையில் உருக்கு என்று ஒரு வரிசை சொல்வர். முன்னிற்பது தேயும், பின்னிற்பது அதனாற் காக்கப்படும். 1761 ஆம் ஆண்டில் 'அலாம்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் அடிப்புறத்தைக் கடற்புழுவினின்றும் காத்தற்குச் செப்புத் தகடு போர்த்தினர். இரண்டாண்டுகளின் பின் சோதித்தபோது செம்பைத் தொட்ட இரும்பாணிகள் பல கரைந்து களியாகியிருந்தன. சில மட்டும் நலமே நின்றன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அவ்விடங்களில் அகற்றப்படாது இடையே அகப்பட்டிருந்தமையே காரணம். ஒரு துண்டுக் காகிதம் செய்த காவலைக் கடற்படையார் அப்போதே குறித்து வைத்தனர்.

இதில் அளவும் கருதத்தக்கது. பெரிய பித்தளை உடலிற் சிறிய கறையில் உருக்குத் திருகாணி பதிந்தால், தேய்வு பெரும்பரப்பிற் பரந்து புலப்படாமற் போம். பெரிய உருக்குத் துண்டின் நடுவே சிறிய பித்தளை அகப்பட்டாலோ, தேய்வு முழுதும் அச்சிறியதன் மேலேயே விழும். எனவே தட்டுகளைப் பிணிக்கும் திருகாணிகளை 316 இனத்திற் கொண்டோம். கைப்பிடிக் கரத்தை அவ்வுருக்கிற் செய்ய உடன்படவில்லை. அது பெரியது, அது பற்றும் பித்தளைத் தண்டோ விரற்பருமனும் இல்லாதது. பட்டறைக்காரர் சற்று மனம் வருந்தினார். பின்னர் அவரே பழைய படகொன்றிற் கிடைத்த வெண்கலப் பட்டையைத் தேடியெடுத்து, முன்னைய கரத்தின் அளவிலேயே அராவித் தந்தார். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது; பித்தளைக்கு அண்டை வீட்டான்; பெரும் பகையில்லை. உரத்த கடகடவொலி தரும் நாக்கின் இரும்புவில் முற்றாய் மாய்ந்திருந்தது. அதற்குப் பொசுபர் வெண்கலத் தகட்டை வளைத்துப் பொருத்தினோம்.

மீன் இழுக்கும்போது உருளையைத் தடுத்து விடும் வட்டுகள் ஈரத்தில் ஊதியிருந்தன. அவற்றுக்குப் பதிலாக இக்காலத்துக் கரிநார் வட்டுகளை இட்டோம். கரிநாரும் மின்கடத்தும், முற்கூறிய வரிசையில் வெண்கலத்துக்கும் அப்பால் நிற்பது. ஆதலால் அதனைக் கிறீசில் தோய்த்தே வைத்தல் வேண்டும். திருகாணிப் புரிகளிலும் கிறீசு பூசினோம். 'அலாம்' கப்பலின் பழுப்புக் காகிதம் செய்த பணியை இங்குக் கிறீசு செய்கின்றது.

பாரம் குறைந்த அலுமினிய உருளை வாங்குமாறு மகன் வற்புறுத்தினான். வரிசையில் அலுமினியம் நிற்குமிடத்தைக் காட்டி மறுத்தோம். பிளாத்திக்கு உருளையும் கூடாது. விசையோடு சுற்றிய நைலோன் தங்கூசி சுருங்கும்போது அதன் விளிம்பைப் பிளந்துவிடும். முலாம் ஓரளவு உரிந்த பழைய உருளையே இருக்கின்றது. உரிந்த இடத்தை மாதந்தோறும் பார்க்க வேண்டியுள்ளது. மறுமுலாம் இடுவிப்பதா என இன்னும் முடிவு செய்யவில்லை.

இரண்டு பருவங்கள் கழிந்தன. கடலுக்குச் சென்று வந்த மாலைகளில் மகன் மழைநீரை மெல்ல ஊற்றிக் கழுவுகின்றான். குழாய் நீரை விசையோடு பாய்ச்சினால் உப்பு உள்ளே புகும் என்பதை அறிந்து கொண்டான். சென்ற பருவத்தில் அறுக்குளா ஒன்று கொண்டு வந்தான். நிறுக்கத் தராசு தேடுமுன் அது சட்டிக்குச் சென்றது.

கழற்றிய ஆணிகளையும் பழைய கரத்தையும் உதிர்ந்த தறையாணியின் துகளையும் ஒரு போத்தலில் இட்டுத் தமையனாருக்கு அனுப்பி வைத்தோம். கிடைத்தது என்று எழுதினார். பூவரசங் குமிழ் அதில் இல்லையே என்று கேட்டுமிருந்தார். அது றீலில் இருக்கின்றது என்று விடை எழுதினோம்.