தேய்ந்த தட்டு

கத்திரிக்காய் வாங்குகிறவர்கள் காம்பைப் பார்க்கிறார்கள். தேங்காய் வாங்குகிறவர்கள் காதருகே ஆட்டிப் பார்க்கிறார்கள். மண் பானையானால் தட்டிப் பார்க்கிறார்கள். பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்கள் மட்டும் மேலுறைப் படத்தைப் பார்த்ததும் பணத்தை நீட்டிவிடுகிறார்களே, இது என்ன நியாயம்?

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தைக்கு எப்போதாவது ஒரு கட்டு இசைத்தட்டுக்கள் வந்து சேரும். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் நீங்கிய பின்னும் பல குடும்பங்களுக்குப் பாரிஸுடன் உறவு நீங்கவில்லை அல்லவா? ஆகவே ஸ்ரீமதி எம்.எஸ். சுப்புலக்ஷ்மியும் எடித் பியாஃபும் ஒரே கட்டில் சமாதானமாகக் குடித்தனம் செய்வதைக் காணலாம்.

"தட்டு எப்படி ஐயா?" என்று கேட்டால், "புதுசு மாதிரி, சார்!" என்று பதில் வரும். கடைக்காரர்மேல் குற்றமில்லை. சேகரிப்பாளர்கள் வகுத்த தர வரிசையிலேயே 'குட்' என்று ஒரு படி உண்டு. 'நல்லது' என்று அர்த்தம் செய்துகொண்டு மகிழ வேண்டாம். 'மிண்ட்', 'நியர் மிண்ட்', 'வெரி குட்' எல்லாவற்றுக்கும் கீழே, கரகரத்துக்கொண்டே எப்படியோ பாடி முடிக்கும் தட்டுக்குத்தான் அந்தப் பட்டம்!

ஆகையால் தட்டை விளிம்பில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நகத்துக்குத் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் உபத்திரவம் செய்யாது. தட்டுப்படுகிற கீறலோ, லாங் பிளே தட்டில் நிமிஷத்துக்கு 33 தடவை 'டிக் டிக்' என்று தப்புத் தாளம் போடும். பிறகு விளிம்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் தட்டு வளைந்திருப்பது தெரியும். நடுத் துவாரத்தைச் சுற்றியுள்ள மெல்லிய கோடுகள், அது எத்தனை முறை பாடியிருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிடும்.

வினைலுக்கு முந்திய 78 சுற்று அரக்குத் தட்டுக்களின் கதை வேறு. ஒவ்வொரு பக்கம் பாடி முடிந்ததும் எஃகு ஊசியை மாற்றவேண்டும் என்பது விதி. ஊசியில் சிக்கனம் பிடித்த வீடுகளில் பாட்டுத் தேய்ந்தது. கறுப்புப் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்தது. இவற்றை ஸ்பிரிட் விட்டுத் துடைக்கவே கூடாது, அரக்குக் கரைந்துவிடும்.

இவ்வளவு பரீட்சையும் செய்துவிட்டு, நான் சில சமயம் தேய்ந்த தட்டையே வாங்கி வருகிறேன். எம்.எஸ்.ஸின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் வெளிவந்தது. பிரதிகள் ஏராளம், நல்லதாகக் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், 27-வது வயதில் மறைந்தார். அவர் குரலை நமக்குக் காத்துத் தந்தவை அரக்குத் தட்டுக்களே. அங்கே இரைச்சலுக்காகக் குரலைத் தள்ளிவிட முடியுமா? மேலும், பளபளக்கும் தட்டு யாரும் விரும்பிக் கேட்காத தட்டாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் புதிதாயிருந்தால், அந்த வீட்டார் எந்தப் பாட்டில் மனத்தைப் பறிகொடுத்தார்கள் என்பது விளங்கிவிடுகிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கட்டு இருக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். ஒரே ஒரு தடவை ஒழுங்காக ஓடினாலும் போதும். அந்தக் குரலைக் கணினியில் பதிந்துகொண்டு பேரக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம்.