ஹாரன் எதிரே வருகிறவனுக்கு

புது ஸ்டியரிங் மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் வண்டியை நிறுத்தியதும் கேட்பது ஒன்றுதான்: "எப்படி இருக்கு தாத்தா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "ஹாரன் அடிக்குதா தம்பி?" பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவி, அங்கே ஒட்டவைத்த காலிங்பெல் சுவிட்சை அழுத்திக் காட்டுவார்கள். சத்தம் வரும். எனக்குக் கவலையே அங்கேதான் ஆரம்பிக்கும்.

பொன்னேரியில், மலைச்சாலை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஷெட் போட்டுத் தலை நரைத்தவன் நான். இப்போது ஸ்பானர் பிடிப்பது பேரன். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் வேலை பார்க்கிறேன்.

இங்கிருந்து ஏலகிரிக்கு ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். (பாரியின் பெயர் தாங்கிய வளைவில் வழிவிட மனம் வராமல் இரண்டு கார்கள் மூக்கோடு மூக்காக நிற்கும்போது சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை.) வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும். இரண்டு கைக்கும் அங்கேயே வேலை. இறங்கி வரும் பஸ் கண்ணுக்குத் தெரியாது. பாறை மறைக்கும், மரம் மறைக்கும், மார்கழியில் பனியும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் சுவிட்சைத் தேட எந்தக் கை மிச்சம் இருக்கிறது? ஹாரனை ஸ்டியரிங்கின் நடுவில் வைத்தவன் அழகுக்கு வைக்கவில்லை. ஆபத்து வரும்போது கை எங்கே இருக்குமோ, அங்கே வைத்தான்.

கார் வந்த புதிதில் இந்த வட்டமே கிடையாது. ஒரு கம்புப் பிடியைத்தான் இப்படியும் அப்படியும் தள்ளினார்கள். 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த பந்தயத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் தன் பான்ஹார்ட் வண்டியில் வட்டச் சக்கரத்தை மாட்டி ஓட்டினார். ஹாரன் அதற்குப் பிறகும் வெகுகாலம் ரப்பர் பந்தாகத் தனியே தொங்கியது. அது மின்சார ஹாரனாகி, ஓட்டுகிறவனின் உள்ளங்கைக்குக் கீழே வந்து சேர்ந்தது பெரிய பயணம். அதை அரை மணி நேரத்தில் திரும்பவும் டாஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோய் விடுகிறோம்.

சிக்கல் எங்கே என்று சொல்கிறேன். ஸ்டியரிங் சுற்றும், வண்டி சுற்றாது. சுற்றுகிறதிலிருந்து சுற்றாததற்கு மின்சாரம் போயாக வேண்டும். வெறும் ஒயரை இழுத்து விட்டால் முறுக்கி அறுந்துபோகும். பழைய வண்டிகளில் ஸ்டியரிங்கின் முதுகில் ஒரு பித்தளை வளையம் இருக்கும். அதன்மேல் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு ஒரு சின்ன முனை உரசியபடி நிற்கும். வளையம் கறுத்துப்போனால் நேரே போகும்போது ஹாரன் அடிக்கும், திருப்பினால் ஊமையாகிவிடும். எமரி பேப்பரால் தேய்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. இப்போதைய வண்டிகளில் அந்த இடத்தில் கிளாக் ஸ்பிரிங் இருக்கிறது: பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கொசுவர்த்திச் சுருள் மாதிரி பட்டையான ஒயரைச் சுற்றி வைத்திருப்பார்கள். ஸ்டியரிங் திரும்பத் திரும்ப அது இறுகும், தளரும், அறுந்துபோகாது. ஹாரன், ஏர்பேக், பாட்டுக்கான பட்டன் எல்லாம் அதன் வழியாகத்தான் பேசுகின்றன.

இன்னொன்றும் தெரிந்துகொள். நீ பட்டனை அழுத்தும்போது ஹாரனுக்கு வேண்டிய மின்சாரம் உன் விரலுக்குக் கீழே ஓடுவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் பட்டன் எர்த் மட்டும் கொடுக்கிறது. அது ரிலேயைத் தட்டி எழுப்புகிறது. ரிலேதான் பேட்டரியிலிருந்து ஹாரனுக்கு மின்சாரத்தை விடுகிறது. அதனால்தான் புது ஸ்டியரிங் மாட்டிய பிறகு ஹாரன் நிற்காமல் அலறுகிறது என்றால் ஹாரனைக் கழற்றாதே. ஸ்டியரிங்குக்கு உள்ளே எங்கோ ஒயர் தோல் உரிந்து இரும்பில் படுகிறது. ஒன்றுமே அடிக்கவில்லை என்றால் எர்த் கிடைக்கவில்லை. சில வண்டிகளில் ஸ்டியரிங் தண்டின் நடுவே ரப்பர் கப்ளிங் வரும். ரப்பர் மின்சாரம் கடத்தாது. கம்பெனிக்காரன் அதைத் தாண்டி ஒரு சின்ன எர்த் ஒயர் போட்டிருப்பான். "இது எதுக்கு சும்மா தொங்குது?" என்று அதை வெட்டிப் போட்ட வண்டி இந்த ஷெட்டுக்கு வந்திருக்கிறது.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் முறை இருக்கிறது. முன் டயர்கள் நேராக நிற்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுச் சும்மா இரு, டீ குடி. ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரி கழன்ற பிறகும் கொஞ்ச நேரம் அதற்குள் வெடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். கண் இமைப்பதற்குள் விரிந்துவிடும் பொருள் அது. மூஞ்சிக்கு நேரே வைத்து விளையாடாதே. மஞ்சள் நிற கனெக்டர் என்றால் ஏர்பேக் சமாச்சாரம், இழுத்துப் பிடுங்கக் கூடாது. நடு நட்டைத் தளர்த்து, ஆனால் முழுசாக எடுக்காமல் நாலு மரை விட்டுவை. ஸ்டியரிங் திடீரென்று பிடுங்கிக்கொண்டு வந்தால் நட்டு தடுக்கும். இல்லாவிட்டால் உன் பல் தடுக்கும். வரவில்லை என்று சுத்தியலால் தண்டில் அடிக்காதே, புல்லர் போடு. மோதலில் உள்ளே மடங்கட்டும் என்று செய்த தண்டு அது, அடி தாங்காது. கழற்றுவதற்கு முன்னால் தண்டிலும் ஸ்டியரிங்கிலும் நேர்க்கோடாக ஒரு குறி போட்டுக்கொள்.

கிளாக் ஸ்பிரிங் கையில் சுற்றிவிட்டால் நடுவைத் திரும்பப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மெதுவாக, நிற்கிறவரை சுற்று. பிறகு மறுபக்கம் நிற்கிறவரை எத்தனை சுற்று என்று எண்ணு. அதில் பாதி திரும்பினால் நடு. இதைச் செய்யாமல் மாட்டினால் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். நாலாவது வளைவிலோ நாற்பதாவது வளைவிலோ 'டிக்' என்று அறுந்து, ஹாரனும் ஏர்பேக்கும் சேர்ந்தே போய்விடும்.

கடைகளில் விற்கிற ரேஸ் ஸ்டியரிங்கில் பெரும்பாலும் ஏர்பேக் கிடையாது. டிரைவர் பக்க ஏர்பேக் இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயம். அதைக் கழற்றினால் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்கும் வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: கனெக்டரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிவிட்டால், ஏர்பேக் இருப்பதாக நினைத்து விளக்கு அணைந்துவிடும். எனக்கு இந்த ரெசிஸ்டர் மேல்தான் ஆத்திரம். வண்டி உன்னிடம் உண்மை சொல்கிறது, காசு கொடுத்து அதன் வாயை அடைக்கிறாய். நாளைக்கு அந்த வண்டியை வாங்குகிறவனுக்கு இது தெரியுமா? உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியாகிவிட்டது. சட்டத்தை விடு. அந்த விளக்கைப் பார்த்துக்கொள்.

என்னைக் கேட்டால், முக்கால்வாசி ஸ்டியரிங்கை மாற்றவே தேவையில்லை. மேலே தேய்ந்திருக்கும், பிசுபிசுக்கும், அவ்வளவுதான். அதற்கு ஆம்பூரை விட்டு வேறு எங்கே போவாய்? டேனரியும் ஷூ கம்பெனியும் நிறைந்த ஊர். நல்ல மெல்லிய தோல் வாங்கு. வட்டத்தின் அளவுக்கு ஒரு பிடி குறைவாகவே வெட்டு, தோல் இழுபடும். இரண்டு விளிம்பிலும் சரிசமமாகத் துளை போடு, மெழுகு நூலில் இரண்டு ஊசி கோத்து, உள்பக்கமாகக் குறுக்கே குறுக்கே இழுத்துத் தை. ஷூ கம்பெனியில் தைக்கிற பெண்களில் யாரைக் கேட்டாலும், நீ ஒரு பக்கம் முடிப்பதற்குள் முழுசும் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். பெரிய வேலைதான், ஆனால் நட்டு கழலவில்லை, ஒயர் அசையவில்லை, ஹாரன் அதன் இடத்தில் இருக்கிறது. ஸ்டியரிங் சமாச்சாரத்துக்குச் சென்னையில் ரானே, ஹாரனுக்குக் கோயம்புத்தூரில் ரூட்ஸ், தோலுக்கு ஆம்பூர். நம் மாநிலத்துக்குள்ளேயே இவ்வளவு கைத்திறன் இருக்கும்போது, பெட்டியில் வந்த பளபளப்பை நம்பி ஏன் ஏமாறுகிறாய்?

தோல் என்றதும் நினைவு வருகிறது. என் சின்ன வயதில் ஆவாரம்பட்டை போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் வந்தது. வாரக்கணக்கு வேலை ஒரு நாளில் முடிந்தது. ஏற்றுமதி பெருகியது, ஊர் சம்பாதித்தது. நானும் அந்தக் காசில் ஓடிய லாரிகளுக்கு வேலை செய்தே பிழைத்தேன். ஆனால் வேலைமுறையை மாற்றியவர்கள், அதற்குள்ளிருந்து கழிவுநீர் பாலாற்றுக்குப் போகிற வழியைப் பார்க்கவில்லை. கீழே இருந்தவர்கள் கிணறு கெட்டது என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் மேலே எட்டவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பில், தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பாழாகிவிட்டது என்ற கணக்கு இருக்கிறது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் சேர்த்த தீர்ப்பு அது. குரோம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலைமுறையை மாற்றும்போதே அதன் வழியாக யாருக்கு என்ன போகிறது என்று ஒருவராவது குனிந்து பார்த்திருக்கலாம்.

கடைக்கும் இதே கணக்குதான். நாளைக்கு நீ உன் அப்பாவின் கடையை எடுத்து நடத்துவாய் என்று வை. போர்டை மாற்று, பில் போடும் மெஷினை மாற்று, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருஷமாக அந்தப் பழைய போன் நம்பருக்கு அடித்துக் கடன் சொல்லிச் சாமான் வாங்கிய மலைக்கிராமத்து ஆள் ஒருவன் இருப்பான். நம்பரையும் சேர்த்து மாற்றிவிட்டால் உனக்கு ஒரு குறையும் தெரியாது. அவன்தான் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன்.

சரி, வண்டிக்கு வருவோம். ஸ்டியரிங் மாட்டி முடிந்ததும் நேராக வைத்து ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்காதே. இடதுபக்கம் கடைசிவரை ஒடி. வழியில் நாலைந்து இடத்தில் நிறுத்தி அழுத்து. அதே மாதிரி வலதுபக்கம். திருப்பும்போது தானாகச் சத்தம் வந்தால் ஒயர் உரசுகிறது, திரும்பப் பிரி. எல்லா இடத்திலும் அடித்தால் மலையேறு. வளைவுக்கு முன்னால் சின்னதாக ஒரு அடி போதும், உள்ளே நுழைந்தபின் அடித்து என்ன லாபம்? மலைமேல் அத்தனாவூருக்குள் வந்து அடித்துக்கொண்டே போகாதே. தேவையில்லாமல் அடித்தால் முதல் தடவைக்கு 1,000 ரூபாய், அடுத்த தடவைக்கு 2,000 அபராதம் என்று 2019 திருத்தத்தில் இருக்கிறது. இரவில் லைட்டை டிப் அடித்தாலே எதிரே இருக்கிறவனுக்குப் புரியும். மேலேயிருந்து பதில் ஹாரன் கேட்டால், இடம் குறுகலாக இருக்கும்போது ஏறுகிறவனுக்குத்தான் வழி, இறங்குகிறவன் நின்று விட வேண்டும் என்பது விதி. ஆனால் இறங்குவது திருப்பத்தூர் பஸ் என்றால் விதியைப் பேசிக்கொண்டு நிற்காதே தம்பி. நீயே ஒதுங்கிக்கொள், அவனால் பின்னால் எடுக்க முடியாது.